டியூன் செய்த காருக்கு எந்தப் பெட்ரோல்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் 2014 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது. 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ, கம்பெனிக் கணக்கில் 105 பிஎஸ். வாங்கிய மூன்றாம் வருஷம் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்தேன், அதாவது பாகம் எதையும் மாற்றாமல் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரின் (இசியு) புரோகிராமை மட்டும் மாற்றிப் பவரைக் கூட்டும் வேலை. அந்தப் புரோகிராமைத்தான் மேப் என்கிறோம். அன்றிலிருந்து தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது ஒருவர் போன் போட்டு "நீங்க எந்தப் பெட்ரோல் போடுறீங்க?" என்று கேட்காத மாதமே கிடையாது. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இங்கே சொல்வதெல்லாம் நம் ஊரில் ஓடும் டர்போ பெட்ரோல் கார்களை மனதில் வைத்துத்தான்.

ஆக்டேன் அதிகமான பெட்ரோல் போட்டால் பவர் கூடுமா?

பெட்ரோலால் மட்டும் கூடாது. ஆக்டேன் எண் பெட்ரோலில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் சொல்கிறது.

சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும். பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் அமுக்குகிறது, ஸ்பார்க் பிளக் பொறி வைக்கிறது, தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவிக்கொண்டே போகிறது. தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவை, பரவிவரும் தீயின் அழுத்தத்தால் மேலும் நசுங்கி, மேலும் சூடாகி, தன் முறை வரும்வரை காத்திருக்க முடியாமல் ஒரே நொடியில் குப்பென்று பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். ஆக்டேன் என்பது அந்த மூலைக் கலவையின் பொறுமை. ஐசோ-ஆக்டேன் என்ற திரவத்துக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, இரண்டையும் 95-க்கு 5 என்று கலந்தால் சோதனை இன்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்ளும் பெட்ரோலை 95 என்கிறோம்.

டியூனர் செய்வது முக்கியமாக இரண்டு வேலை: டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை ஏற்றுவது, ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்னதாக விடுவது. இரண்டுமே அந்த மூலையை இன்னும் நெருக்கும். ஆக, பவரைத் தருவது மேப். அந்த மேப் வேலை செய்ய இடம் கொடுப்பதுதான் பெட்ரோல்.

பங்க்கில் என்னென்ன கிடைக்கிறது?

சாதா பெட்ரோல் ரொம்ப வருஷம் 91 ஆக்டேனாக இருந்தது. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்தபிறகு அது 95-க்கு ஏறிவிட்டது என்று பெட்ரோலியம் அமைச்சகமே 2025-ல் விளக்கம் கொடுத்தது. இதைத் தவிர இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீட் 97, எச்பியின் பவர்99, இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 என்று படிப்படியாக இருக்கின்றன. எக்ஸ்பி100 2020 டிசம்பர் 1 அன்று வந்தது, மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. முதல் கட்டத்தில் டெல்லி, மும்பை, புனே உள்ளிட்ட 10 நகரங்களுக்கு மட்டும்தான் கிடைத்தது, அந்தப் பட்டியலில் சென்னை இல்லை. அப்போது விலை லிட்டர் 160 ரூபாய். அன்றைக்கு டெல்லியில் சாதா பெட்ரோல் 82 ரூபாய் சுமாருக்கு விற்றுக்கொண்டிருந்தது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். "பிரீமியம்" என்ற பெயர் வேறு, ஆக்டேன் எண் வேறு. பிரீமியம் என்று விற்பதில் சில, சாதா பெட்ரோலின் அதே ஆக்டேனில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் மருந்து மட்டும் சேர்த்தவை. அந்த மருந்து நல்லதுதான், கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் உங்கள் மேப்புக்கு அதனால் பயன் கிடையாது. பம்ப்பில் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் கேளுங்கள், பதில் வரவில்லையென்றால் சாதாவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க டியூனர் ஒருவர் 93 ஆக்டேன் மேப் என்கிறார். நம் ஊர் 95 அதைவிட மேல்தானே?

இல்லை, கீழே! நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆக்டேனை அளக்க இரண்டு முறைகள் உண்டு. ஆர்.ஓ.என். என்பது சோதனை இன்ஜினை 600 ஆர்பிஎம்-ல் மெதுவாக ஓட்டிப் பார்ப்பது. எம்.ஓ.என். என்பது 900 ஆர்பிஎம்-ல், உள்ளே போகும் கலவையை 149 டிகிரி வரை சூடாக்கி, கடுமையாகச் சோதிப்பது. அதனால் எம்.ஓ.என். எப்போதும் ஏழெட்டு அல்லது பத்து எண் குறைவாக வரும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பம்ப்பில் எழுதுவது ஆர்.ஓ.என். அமெரிக்காவில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். அமெரிக்க 87 என்பது நம் கணக்கில் சுமார் 91, அமெரிக்க 91 என்பது சுமார் 95-96, அமெரிக்க 93 என்பது சுமார் 98.

அதனால் அமெரிக்காவிலிருந்து வரும் 93 மேப்பை நம் 95 போட்டு ஓட்டினால் மூன்று எண் பள்ளத்தில் இருக்கிறீர்கள். மேப் வாங்கும்போது "ஆர்.ஓ.என்.-ல் எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்லத் தெரியாதவரிடம் இசியுவைக் கொடுக்காதீர்கள்.

டியூன் செய்யாத காருக்கு 100 போட்டால்?

கம்பெனி கையேட்டில் 91 போதும் என்று இருந்தால் 100-க்குக் கொடுக்கும் காசு வீண். 95 பரிந்துரைத்திருந்தால் 95 போடுங்கள். சில டர்போ கார்களில் இசியு நல்ல பெட்ரோலைக் கண்டதும் ஸ்பார்க் விடும் நேரத்தை, அதாவது டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளும், வெயில் நேரத்தில் அது ஓட்டுகிறவருக்கே தெரியும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

நாக்கிங் எப்படிக் கேட்கும்? எனக்கு எதுவுமே கேட்டதில்லையே.

எனக்கும் நாலு வருஷம் கேட்டதில்லை. 2021-ல் ஒரு நாள் இரவு திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது என் காரில் இருந்தது 98 ஆக்டேனுக்கான மேப். விக்கிரவாண்டி டோல் தாண்டியதும் பெட்ரோல் விளக்கு எரிந்தது. வழக்கமாக நிறுத்தும் பங்க்கில் பிரீமியம் பம்ப்பின் மேல் "ஸ்டாக் இல்லை" என்று அட்டை தொங்கியது. வேறு வழியில்லாமல் 20 லிட்டர் சாதா போட்டுக்கொண்டு கிளம்பினேன். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு மேம்பாலம், ஏற்றத்தில் ஒரு லாரியை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை அழுத்தினேன். ஜன்னல் பாதி இறங்கியிருந்தது, பக்கத்தில் பாலத்தின் கைப்பிடிச் சுவர். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி வந்த சத்தத்தில்தான் கேட்டது, தகர டப்பாவில் கொஞ்சம் உளுந்தைப் போட்டுக் குலுக்குவதுபோல், மெல்லிய, வறண்ட கிணுகிணுப்பு. காலை எடுத்தேன், நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி வந்தது. ஜன்னலை ஏற்றிவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே கேட்கவில்லை.

அதைத்தான் சொல்ல வருகிறேன். ஏசி போட்டு, பாட்டு வைத்து, கண்ணாடி ஏற்றி ஓட்டும் நமக்கு நாக்கிங் காதில் விழ வாய்ப்பே குறைவு. ஊருக்கு வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மை தொட்டு வைத்ததுபோல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். மற்ற மூன்றும் சுத்தமாக, இளம் பழுப்பு நிறத்தில் இருந்தன. பிஸ்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது என் அதிர்ஷ்டம்.

நாக் சென்சார்தான் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளும், ஓரளவுக்கு. இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும் ஒரு சின்ன உணரி அது. நாக்கிங்கின் அதிர்வு தெரிந்ததும் இசியு ஸ்பார்க்கைத் தாமதமாக விடும், அது போதவில்லையென்றால் பூஸ்ட்டைக் குறைக்கும். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, நாக்கிங் நடந்த பிறகுதான் அதற்குத் தெரியும், முதல் அடி பிஸ்டனுக்கு விழுந்துவிட்டது. இரண்டு, ஸ்பார்க் தாமதமானால் எரிவது தாமதமாகி, அந்தச் சூடு எக்ஸாஸ்ட் வழியாக டர்போவுக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் போகிறது. அதைக் குளிர்விக்க இசியு கூடுதல் பெட்ரோலை ஊற்றும். அதாவது மட்டமான பெட்ரோல் போட்டுக் காசை மிச்சம் பிடித்தவர் பவரையும் இழந்து மைலேஜையும் இழக்கிறார்.

டியூனர்களில் சிலர் பவர் எண்ணைக் காட்டுவதற்காக இந்தப் பாதுகாப்பை மந்தப்படுத்தி மேப் எழுதுகிறார்கள். நாக் கட்டுப்பாட்டில் கை வைத்திருக்கிறாரா என்று நேராகக் கேளுங்கள்.

இ20 வந்ததால் டியூன் செய்த காருக்கு ஆபத்தா?

நாக்கிங் கோணத்தில் பார்த்தால் எத்தனால் எதிரியே இல்லை. சுத்த எத்தனாலின் ஆக்டேன் 108 சுமார், அதோடு ஆவியாகும்போது பெட்ரோலைவிட நிறையச் சூட்டை உறிஞ்சும், சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜின்களில் அந்தக் குளிர்ச்சி நன்றாகவே உதவும். பந்தயக் கார்க்காரர்கள் எத்தனாலை விரும்புவது இதனால்தான்.

சிக்கல் வேறு இடத்தில். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் எத்தனாலே கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20-ல் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் சக்தி குறைவு, அதே வேலைக்கு அவ்வளவு அதிகம் பீய்ச்ச வேண்டும். கம்பெனி நிலையில் உள்ள காருக்கு இதைச் சரிக்கட்ட இடம் இருக்கும். ஆனால் ஸ்டேஜ் 2 (எக்ஸாஸ்ட் போன்ற பாகங்களையும் மாற்றிச் செய்யும் டியூன்) செய்து இன்ஜெக்டரையும் பெட்ரோல் பம்ப்பையும் ஏற்கெனவே எல்லைக்குக் கொண்டுபோன காரில், முழு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் பற்றாமல் கலவை வறண்டுபோகலாம். வறண்ட கலவை, ஏறிய பூஸ்ட், இரண்டும் சேர்ந்தால் பிஸ்டன் உருகும். பழைய மேப் வைத்திருப்பவர்கள் இ20-க்கு ஒருமுறை லாக் (ஓடும்போது இசியு காட்டும் எண்களின் பதிவு) எடுத்து டியூனரிடம் காட்டிவிடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் ரப்பர் பாகங்கள். இ20-க்காகத் தயாரிக்கப்படாத பழைய கார்களில் ஹோஸ், சீல், கேஸ்கெட் இவற்றை வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். விரிசலோ, தொட்டால் பிசுபிசுப்போ இருந்தால் மாற்றுங்கள். எத்தனாலே வேண்டாம் என்பவர்கள் எக்ஸ்பி100-க்குப் போகிறார்கள், அதில் எத்தனால் கலப்பதில்லை என்பதால்.

இரண்டு பெட்ரோலைக் கலந்து போடலாமா?

தாராளமாக. ஏறக்குறைய சராசரிக் கணக்குதான். டேங்க்கில் 20 லிட்டர் 95 இருந்து அதன்மேல் 20 லிட்டர் 100 போட்டால் 97.5-க்குப் பக்கத்தில் வரும். துல்லியமாக அப்படியே வராது, ஆனால் நம் தேவைக்குப் போதும். கலந்தபின் கொஞ்சதூரம் நிதானமாக ஓட்டுங்கள், லைனில் கிடக்கும் பழைய பெட்ரோல் தீரவேண்டும், இசியுவும் புதியதைப் பழகவேண்டும்.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்?

பாட்டிலில் "5 பாயின்ட் ஏறும்" என்று எழுதியிருந்தால் 95 ஒரேயடியாக 100 ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த வியாபாரத்தில் ஒரு பாயின்ட் என்பது பல நேரம் 0.1. அதாவது 95 ஆனது 95.5 ஆகும், அவ்வளவுதான். நிஜமாகவே ஏற்றும் சரக்குகளில் மாங்கனீஸ் சேர்ந்தது, இரும்பு சேர்ந்தது என்று இருக்கின்றன, இரண்டும் எரிந்தபின் பிளக்கில் செம்மண் பூசியதுபோல் படியும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் நல்லதில்லை. நான் போடுவதில்லை, யாரையும் போடச் சொல்வதும் இல்லை.

சென்னை வெயிலுக்கும் ஆக்டேனுக்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. உள்ளே போகும் காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு சீக்கிரம் நாக்கிங் வரும். மே மாதம் மத்தியானம் ஜிஎஸ்டி ரோட்டில் அரைமணி நேரம் ஊர்ந்துவிட்டு, பெருங்களத்தூர் தாண்டி ரோடு விட்டதும் ஒரே அழுத்தாக அழுத்துகிறோம் பாருங்கள், இன்ஜினுக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் முழுக்கச் சூடேறிக் கிடக்கும், காற்று ஓட்டம் இன்னும் வந்திருக்காது. இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓட்டி அது ஆறட்டும். பெட்ரோலுக்கு மாதாமாதம் கூடுதலாகக் கொட்டுகிற காசில் ஒருமுறை நல்ல இன்டர்கூலர் போட்டுவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு அதுதான் அதிகம் கைகொடுக்கும்.

ஐரோப்பாவில் குளிர் காலத்தில் எழுதிச் சோதித்த மேப்பை அப்படியே இங்கே கொண்டுவந்து ஏற்றினால் எண் 98 என்று இருந்தாலும் நடத்தை அப்படி இருக்காது என்பதும் இதனால்தான்.

ஊட்டி ஏறும்போது?

டர்போ இல்லாத காருக்கு மேலே போகப்போக ஆக்டேன் தேவை குறையும், காற்று மெலிகிறது. டர்போ காரில் அப்படி நம்பாதீர்கள். 2,200 மீட்டர் உயரத்தில் அதே பூஸ்ட்டைக் கொண்டுவர டர்போ இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, காற்றை இன்னும் சூடாக்குகிறது. மேட்டுப்பாளையத்திலேயே நல்ல பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள்.

குறைந்த ஆர்பிஎம்-ல் திடீரென்று "டங்" என்று ஒரு சத்தம் வருகிறது. இதுவும் நாக்கிங்கா?

வேறு சங்கதியாக இருக்கலாம். சின்ன டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் 1,500-2,000 ஆர்பிஎம்-ல், பெரிய கியரில் அழுத்தும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே ஆயில் துளியோ கரித்துகளோ பற்றவைத்துவிடும். ஒரே அடியில் பிஸ்டன் ரிங் பள்ளம் உடைந்துபோகக்கூடிய விஷயம் இது. இதற்கு ஆக்டேன் முழு மருந்து இல்லை. ஏபிஐ எஸ்பி தரத்து ஆயில் போடுங்கள், 2020-ல் வந்த அந்தத் தரத்தில் இதற்கென்றே சோதனை உண்டு. அப்புறம், கியரை இறக்கிவிட்டு அழுத்துங்கள். இருபதாயிரம் செலவழித்து ரீமேப் செய்தவர்கூட ஆறாவது கியரில் 1,400-ல் முழுசாக மிதிப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகிறேன். என்ன போட?

கிடைப்பதில் உயர்ந்ததைப் போடுங்கள், அரை டேங்க்குக்கு மேல் வையுங்கள். டிராக்கில் ஒரு சுற்றில் பெரும்பகுதி ஆக்சிலேட்டர் திறந்தே இருக்கும், ரோட்டில் ஐந்து விநாடி அழுத்துவதோடு இதை ஒப்பிடவே முடியாது. மூன்று நாலு சுற்று, பிறகு ஒரு சுற்று மெதுவாக ஆறவிட்டு பிட் லேனுக்கு வந்து நிறுத்துங்கள். வழியில் வரும் பங்க்கை நம்பிக் கிளம்பாமல் முந்தின நாளே ஊருக்குள் நிரப்பிவிடுங்கள்.

டிஎஸ்ஜி (ஃபோக்ஸ்வேகனின் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் தாங்குமா?

ஆக்டேன் கியர்பாக்ஸைக் காப்பாற்றாது. போலோ, விர்டஸ் போன்றவற்றில் இருக்கும் உலர் கிளட்ச் ஏழு கியர் டிகியூ200 தாங்க வடிவமைத்தது 250 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இன்ஜினின் முறுக்கு விசை. விர்டஸ் 1.5 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்தே 250-ல்தான் வருகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, கடைசியில் எந்த மேப் செய்துகொள்ளட்டும், 95-ஆ, 98-ஆ, 100-ஆ?

உங்கள் வழியில் இருக்கும் மோசமான பங்க்கில் என்ன கிடைக்குமோ, அதற்கு. கிடைப்பதில் நல்லதற்கு இல்லை! இதை நான் உளுந்தூர்பேட்டை பாலத்தில் கற்றுக்கொண்டேன். சென்னைக்குள்ளேயே ஓட்டுகிறவர், பவர்99-ஓ எக்ஸ்பி100-ஓ நாலு கிலோமீட்டரில் கிடைக்கும், வெளியூர் போவதில்லை என்றால் உயர்ந்த மேப் செய்துகொள்ளலாம். மாதம் இரண்டுமுறை சிவகங்கைக்கோ தென்காசிக்கோ போகிறவர் 95 மேப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் பத்துப் பதினைந்து குதிரை, ரோட்டில் அது தெரிவதைவிட நிம்மதி அதிகம் தெரியும். நான் அந்தத் திருச்சிப் பயணத்துக்குப் பிறகு 95 மேப்புக்கு இறங்கிவிட்டேன், இன்றுவரை அதில்தான் ஓட்டுகிறேன், டேங்க்கில் 97-ஓ 99-ஓ கிடைத்தால் அது கூடுதல் பாதுகாப்பு.

சில டியூனர்கள் இரண்டு மேப்பை வைத்து மாற்றிக்கொள்ளும் வசதி தருகிறார்கள். காசு இருந்தால் அதுவே நல்ல வழி.

மேப்பும் பெட்ரோலும் ஒத்துப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

லாக் எடுங்கள். ஓபிடி சாக்கெட்டில் (இசியுவோடு பேசுவதற்கான இணைப்பு) ஒரு டாங்கிள், போனில் ஒரு ஆப், போதும். டைனோவிலோ (நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுழலவிட்டுப் பவரை அளக்கும் மேடை) டிராக்கிலோ, மூன்றாம் கியரில் 2,000-லிருந்து 6,000 வரை ஒரே இழுப்பு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அவர் போனைப் பார்க்கட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்பதுதான் முக்கியம். எப்போதாவது ஒன்றிரண்டு டிகிரி வந்து போவது சாதாரணம். நாலு சிலிண்டரும் சேர்ந்து நாலைந்து டிகிரி பின்வாங்கியபடியே இருந்தால் பெட்ரோல் பற்றவில்லை. ஒரே சிலிண்டர் மட்டும் என்றால் பிளக், இன்ஜெக்டர், காயில் பக்கம் பாருங்கள். என் காரில் திருச்சியிலிருந்து திரும்பியபின் மிச்சமிருந்த அதே பெட்ரோலில் எடுத்த லாக்கில் இரண்டாவது சிலிண்டர் ஆறு டிகிரி வரை இறங்கியிருந்தது. 95 மேப் போட்டபின் ஒன்றுக்கு மேல் போனதில்லை.

தெரியாமல் மட்டமானதைப் போட்டுவிட்டேன், டேங்க் ஃபுல். இப்போது என்ன செய்ய?

பதறவேண்டாம், டேங்க்கை இறக்கவும் வேண்டாம். பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாதீர்கள், 2,500 ஆர்பிஎம்-க்குக் கீழே பெரிய கியரில் அழுத்தாதீர்கள், ஸ்போர்ட் மோடு வேண்டாம், ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கியே ஏறுங்கள். கால் டேங்க் குறைந்ததும் கிடைக்கிற நல்ல பெட்ரோலை மேலே ஊற்றுங்கள், மறுபடி குறைந்ததும் மறுபடி ஊற்றுங்கள். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி, சுவர் ஓரமாகப் போகும்போது காதை வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், பீங்கான் சுத்தமாக இருந்தால் அப்படியே மாட்டிவிட்டு ஓட்டலாம்.